பல்லைக் காட்டும் வீடு

பத்துக்கு முன்பே பேருந்து எங்களைக்
கோட்டைவாசலில் இறக்கிவிட்டது.
பிரேமன் அஞ்சலகத்தார் பதினேழு பேர்,
ஆண்டுக்கொரு நாள் இப்படி.
வழிகாட்டி குண்டுலா
மூடிய மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தாள்.
மழை இல்லை, அது கொடி.

இது சந்தை. இது நகர்மன்றம்.
இந்த மதிலைச் சுவீடன்காரர்கள்
இரண்டு முறை உடைத்தார்கள்.
கிணற்றில் காசு போடாதீர்கள்,
உள்ளே கண்ணாடி போட்டு மூடியிருக்கிறது.

மரச்சட்டங்களுக்கிடையே சுண்ணாம்பு பூசிய வீடுகள்
ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து
கடைசி ரயிலைத் தவறவிட்டவர்கள் போல்
நின்றுகொண்டே தூங்கின.

தேவாலய நிழலில் ஒரு தள்ளுவண்டி.
சர்க்கரையில் வறுத்த பாதாம், கூம்புப் பொட்டலத்தில்.
மூன்றாவதைக் கடித்தபோது
ஏதோ உடைந்தது.
பாதாம் அல்ல.

நாக்கால் துழாவும் என் முகத்தைப் பார்த்துக்
குண்டுலா குடையைத் தாழ்த்தினாள்.
"ஏழாம் எண், முதல் மாடி. நான் அனுப்பியதாகச் சொல்லுங்கள்."
அதே மூச்சில் மற்றவர்களிடம்:
"அந்த ஏழாம் எண்ணைத்தான் எல்லோரும் பாருங்கள்.
மூலை உத்தரத்தில் பல்லை இளிக்கிறதே, அந்த மரமுகம்,
கெட்டதை விரட்ட வைத்தது என்பார்கள்.
கடன்காரர்களை விரட்ட என்பார் என் கணவர்."
பதினாறு பேர் சிரித்தார்கள்,
பதினாறு கைபேசிகள் உயர்ந்தன.
அந்த இளிப்புக்குக் கீழே குனிந்து
நான் உள்ளே போனேன்.

"இந்த வீட்டில் மட்டமாக இருப்பது
இந்த நாற்காலி ஒன்றுதான்," என்றார் டாக்டர் பிராண்ட்ஹோர்ஸ்ட்,
"அதற்கே நாலு ஆப்பு அடித்தோம்.
ஜன்னலை மாற்ற மனுப்போட்டு மூன்று வருடம் ஆகிறது.
உங்கள் பல்லுக்கு நல்லவேளை
யார் அனுமதியும் வேண்டாம்."

ஊசி. காத்திருப்பு.
வாயைப் பிளந்தபடி அண்ணாந்து கிடந்தேன்.
விட்டத்தில் மங்கிய நீலப் பூக்கள்,
நடுவில் ஒரு பறவை,
அதற்கு மூன்று கால்கள்.
முதலில் போட்ட காலை அழிக்க மறந்தானோ,
கூலியைத் தராததால்
வேண்டுமென்றே விட்டுப்போனானோ?
கேட்க வாய் இல்லை.
வாயில் இரண்டு கைகளும் ஒரு குழாயும்.

கீழே தெருவில் வேறொரு குழு,
வேறொரு குரல், அதே கடன்காரர்கள்.
அதே இடத்தில் சிரிப்பு.
டாக்டரின் உதடுகள் முகமூடிக்குள்
அந்த வரியைக் கூடவே முணுமுணுத்தன.

பேருந்தில் எக்கார்ட் படங்களைக் காட்டினான்.
நான் பார்க்காத கோபுரம். நான் ஏறாத மதில்.
பலிபீடம், வாத்துகள், மறுபடி கோபுரம்.
பிறகு தேவாலயப் படியேறி எடுத்த ஏழாம் எண்:
பல்லை இளிக்கும் மரமுகம்,
பக்கத்து ஜன்னலில்
வானம் பார்த்த இரண்டு செருப்படிகள்.

"இது யாரடா?" என்றான்.
நான்தான் என்றேன்.
பல் இருந்தது, சொல்தான் போயிருந்தது.
மரத்த முகத்தின் பாதியால் சிரித்துக்காட்டினேன்.
அவன் படத்தைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
மறுபடி படத்தை.