இறால் ஓடு

வாரம் இரண்டு மூட்டை.
ராஸ் அல் கைமா மீன் சந்தையின் பின்வாசலில்
குளச்சல் சூசைநாயகம் எனக்கென்று
ஒதுக்கிவைக்கிற இறால் ஓடு.
"இத வச்சு முந்திரிக்கொடிக்கு என்னலே செய்வ,
கொழம்பா?"

கார் நாறும்.
திக்தாகா வரை ஜன்னலைத் திறந்தே ஓட்டுவேன்.

அமிலத்தில் ஊறப்போட்டால்
சுண்ணாம்பு நுரைத்துப் போகும்.
காரத்தில் கொதித்தால்
ஒட்டியிருந்த சதை கரையும்.
கடைசியில் மிஞ்சுவது
ரவை போல வெளிறிய ஒரு தூள்.
வினிகரில் கலக்கினால் கஞ்சித்தண்ணீர்.
மாலையில், காற்று படுத்த பிறகு,
இலையின் அடியும் நனையத் தெளிக்க வேண்டும்.

இது எதையும் கொல்லாது என்பதை
முதலாளி ஹுமைதுக்குப் புரியவைக்க
எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.
கந்தகம் கொல்லும்.
இது பொய் சொல்லும், அவ்வளவுதான்.

சாம்பல் நோய்ப் பூஞ்சையின் உடம்புச் சுவர்
எதனால் ஆனதோ
இறாலின் சட்டையும் அதனால் ஆனது.
கடலில் ஊர்ந்த ஒன்றின் தோல்
இலையில் பட்டதும் கொடிக்குத் தோன்றும்:
வந்துவிட்டான்.

இலைத்துளைகள் சாத்திக்கொள்ளும்.
சுவர்கள் தடிக்கும்.
உள்ளே எங்கோ கசப்பு காய்ச்சும்.
நனைந்த இலை
நனையாத இலைக்கு ஆளனுப்பும்.
ஓடக் கால் இல்லாத ஒன்று
நின்ற இடத்தில் நின்று
வராத எதிரிக்கு
ராத்திரி முழுக்க வாள் தீட்டும்.

காலையில் போய்ப் பார்த்தால்
எப்போதும்போல் பச்சை.
ஹுமைது ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு
"மாஃபி ஷய்" என்றார். ஒன்றுமில்லை.
ஆமாம், அதற்குத்தான் தெளித்தேன்.

ஏழாம் வரிசையை மட்டும் விட்டுவைத்தேன்.
ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே.
முப்பத்தொரு கொடி, வெறும் தண்ணீர்.
மொக்லேசுருக்கு அது பிடிக்கவில்லை.
சில்ஹட்டுக்காரன்;
அவன் கவாத்துக் கத்தியோடு வந்தால்
கொடி தானாகவே கையை நீட்டும்.
"இதுங்க என்ன தப்பு செஞ்சுது?"
என்று இந்தியில் கேட்டான்.
பதில் சொல்ல எனக்கு இந்தி போதவில்லை.
தமிழிலும் யோசித்துப் பார்த்தேன்.

மார்ச் மூன்றாம் வாரம் பனிமூட்டம் இறங்கியது.
மலையைக் காணோம். மினாரைக் காணோம்.
லாரிகள் மஞ்சள் விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி
ஊர்ந்தன. நான்கு விடியல் அப்படி.
ஐந்தாம் நாள், ஏழாம் வரிசையில்
யாரோ விபூதிக் கையைத் துடைத்ததுபோல்
ஓர் இலை.
வெள்ளிக்கிழமைக்குள் பிஞ்சுகளும்.

மற்ற வரிசைகளில் இல்லவே இல்லை
என்று எழுத ஆசைதான்.
இருந்தது. அங்கங்கே, கால் திர்ஹம் அளவு;
சுற்றிப் பழுப்பு வளையம் போட்டு
அந்த இடத்தைக் கொடி
தானே சாகவிட்டிருந்தது.
அதற்கு மேல் பரவவில்லை.

மே மாதம் சர்க்கரை அளந்தேன்.
ஒரு புள்ளி குறைவு. குலையும் கொஞ்சம் சின்னது.
ராத்திரி தூங்காத உடம்பு
எங்கேயாவது இளைக்கத்தானே வேண்டும்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் இங்கே ஒரு பேச்சு கிளம்பும்:
தோட்டத்தை விற்கிறார்கள், விசா ரத்து,
பட்டியல் தயார்.
இதுவரை எதுவும் வந்ததில்லை.
ஆனாலும் அந்த மாதம் நான்
சட்டை வாங்கமாட்டேன்,
பல்வலிக்கு டாக்டரிடம் போகமாட்டேன்,
பெட்டியின் ஜிப்பை ஒருமுறை
இழுத்துப் பார்த்துக்கொள்வேன்.
யார் தெளிக்கிறார்களோ தெரியாது.

நோட்டைப் பற்றிச் சொல்லவில்லையே.
நோய் கண்ட கொடிகளை
ஏழாம் வரிசையில் எண்ணிக்கொண்டே போனேன்.
இருபத்தேழு வரை சாம்பல்.
கடைசி நான்கும் சுத்தம்.
குனிந்து முகர்ந்தேன்.
மீன் சந்தையின் பின்வாசல்.

வரப்போரத்தில் மொக்லேசுர்
கத்தியை ரொம்ப நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

'ஒப்பீட்டுக் கொடிகள்' என்ற கட்டத்தில்
முப்பத்தொன்றை அடித்துவிட்டு
இருபத்தேழு என்று எழுதினேன்.