நாலுக்கு ஆறு

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற தாமோதரன் சார்
அத்தையை ஒரு காக்கிக் கவரில் கொண்டுவந்தார்.
"முகம் மட்டும் போதும் தம்பி, மிச்சத்தை வெட்டிடு.
கீழே 'நடிகை'ன்னு போடு.
நாலுக்கு ஆறு.
ஞாயிற்றுக்கிழமை அவங்களுக்கு நூறு."

லாங் பஜார் மாடியில் வெயில் நூற்றியெட்டு.
மின்விசிறி சுடுகாற்றைத்தான் கிளறிக்கொண்டிருந்தது.
ஸ்கேனரின் விளக்கு
அவள்மேல் காலிலிருந்து தலைக்கு நகர்ந்தது.

மிச்சம் என்று அவர் சொன்னது:
முக்காலியில் ஒரு கேமரா,
வேட்டியை மடித்துக் கட்டி
தகரப் பலகையால் சூரியனைத் திருப்புகிற ஒருவன்,
கோட்டை அகழியின் கைப்பிடிச் சுவர்,
சுவரில் வெற்றிலைத் துப்பல்,
கறக்கப் போகிறவள் மாட்டின் முதுகில் வைப்பதுபோல
கேமராவின் மேல் அவள் இடது கை.
வாய் திறந்திருக்கிறது.
பாடவில்லை,
படத்துக்கு வெளியே யாரையோ அதட்டுகிறாள்.

டீ வந்தது. அவரும் சொல்லத் தொடங்கினார்.

பதினாறு வயதில் காட்பாடியில் ரயிலேறி
பட்டணத்து ஸ்டுடியோ வாசலில் நின்றாளாம்
டி. குஞ்சரவல்லி.
எந்த ஊர் என்று கேட்ட மேனேஜர்
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒப்பித்தானாம்:
நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை,
சாமியில்லாக் கோயில், மரமில்லா மலை,
அழகில்லாப் பெண்கள்.
"உங்க டப்பாவுக்குள்ளேயும் ஒண்ணுமில்லையே அய்யா,
முன்னால யாராவது வந்து நிக்கணுமில்ல?"

பதினோரு படம்.
நான்கில் விஷம் வைக்கும் சக்களத்தி,
மூன்றில் தோழி,
ஒன்றில் பாம்பு கடித்துச் செத்தவள்,
அதில் பாம்புக்குச் சம்பளம் அதிகம்.
மற்றது அவருக்கு ஞாபகமில்லை.
ஷாட் இல்லாத நேரமெல்லாம் கேமராக்காரனின் பக்கத்தில்
முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாளாம்,
தலைவலி என்று சொல்லிக்கொண்டு.

நாற்பத்தொன்பதில்
எட்டு வளையல், ஆம்பூர் தோல் மண்டிக்காரரிடம் வட்டிக்கு மீதி.
படத்தின் பெயரே 'கடன்காரி'.
எழுதியது அவள், இயக்கியது அவள்.
நோட்டீஸ் அடித்தவன் மட்டும்
'குஞ்சரவல்லி நடிக்கும்' என்று அடித்துவிட்டான்,
அச்சுக் கோத்தாயிற்று, மாற்ற முடியாது என்று.
ஒன்பது நாள் ஓடியது.
பிரதிகளை மண்டிக்காரர் எடுத்துக்கொண்டார்.
சுருளைக் கழுவினால் வெள்ளி வரும்.
வந்தது.
இதே பஜாரில், என் கடைக்கு நாலு கடை தள்ளி,
கொலுசானது.

பிறகு முப்பது வருடம்
சைதாப்பேட்டையில் பள்ளிச் சீருடை தைத்தாள்.
கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது
"தொழில்?" என்று கேட்டிருக்கிறார்கள்.
"டைரக்சன்."
எழுதிக்கொண்ட பெண் யோசித்துவிட்டு
'சொந்த வேலை' என்று போட்டாளாம்.
சொல்லிவிட்டுத் தாமோதரன் சார் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும்.

கோயிலுக்கு எண்பத்தொன்றில் சாமி வந்துவிட்டார்.
பாலாறு போன நவம்பரில்
பாலத்தின் கழுத்துவரை வந்து பார்த்துவிட்டுப் போனது.
மேனேஜர் ஒப்பித்த கணக்கு
ஒவ்வொன்றாய்ப் பொய்யாகிக்கொண்டிருக்கிற ஊர் இது.

வெட்டும் கருவியை அவள் முகத்தைச் சுற்றி இழுத்தேன்.
முழங்கையில் கேமரா வெட்டுப்பட்டது.
வாய் மட்டும் தனியாகத் திறந்திருந்தது,
கொட்டாவி விடுகிறவள் மாதிரி.
திரும்ப விட்டேன்.
"நடிகை மூணெழுத்து சார், இயக்குநர் ஆறெழுத்து.
இடம் இருக்கு. காசு அதேதான்."
அவர் நெடுநேரம் திரையைப் பார்த்தார்.
"அந்தத் துப்பலையாவது எடுத்துடு."
எடுத்தேன்.

ஞாயிறு ராஜா தியேட்டர் ஸ்டாப்பில் கட்டினோம்.
அனுமதி இல்லை என்று
திங்கள் காலை மாநகராட்சி அறுத்துப் போட்டது.
புதன்கிழமை பார்க்கிறேன்,
முள்ளுக் கத்தரிக்காய் வண்டிக்கு மேல்
நாலு கழியில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.
பேரம் பேசக் குனிந்த எல்லோரையும்
மேலே இருந்து
கேமராவில் கை வைத்தபடி அதட்டுகிறாள்:
தள்ளுய்யா,
வெளிச்சத்தை மறைக்காதே.