அறை பதினொன்றின் கணக்கு

வெளிநாட்டார் படிவத்தின் முதல் கட்டத்தில்
விரல் வைத்து, பேர் என்றேன்.
பேர என்றார்.
அதைத்தான் கேட்கிறேன், பேர்?
பாஸ்போர்ட்டை நீட்டினார்:
பேர சொலானெஸ். வயலின். வயது அறுபத்தெட்டு.
ஸ்பெயின் என்று நான் எழுதியதை அடித்து
கத்தலோனியா என்று அவரே எழுதினார்.
போலீஸில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.
வேறு படிவம் எடுத்தேன்.

பாபுராவ் தெரு லாட்ஜுக்கு
ஒவ்வொருவரும் ஓர் உறுப்புக்காக வருகிறார்கள்.
இதயக்காரருக்கு மாடி அறை தருவதில்லை.
இவர் இடது கைக்கு.
மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே மடங்கி,
காசை ஒளிக்கும் குழந்தை மாதிரி.

கரண்ட் போன இரவுகளில் சொன்னார்,
பாதி ஆங்கிலம், பாதி ஜாடை.
அப்பா புட்டிகளுக்குத் தக்கை அறுக்கிறவர்.
வீட்டு மொழியைப் பள்ளியில் பேசியதற்குப் பிரம்படி,
இதே கையில்.
பார்சிலோனா ஆபரா குழியில் இருபத்தாறு வருஷம்,
மேடை தெரியாத நாற்காலி.
நாலு பேர் வாசிக்க எழுதியது மூன்று;
ஒன்று மட்டும் அரங்கேறியது, அன்றைக்கு மழை.
அரசாங்க மொழியில் தலைப்பு வை, அச்சிடுகிறோம் என்றார்களாம்.
தலைப்பே வைக்கவில்லை.
சதுக்கத்தில் கைகோத்து வட்டமாய் ஆட
ஒரு மெட்டுப் போட்டிருக்கிறார்.
ஞாயிறுதோறும் இன்னும் ஆடுகிறார்கள்,
போட்டவர் பேர் தெரியாமல்.
பேர, என்றேன்.
தமிழில் அதற்கு என்ன பொருள் என்று விளக்கினேன்.
சிரிப்பார் என்று பார்த்தேன்.

ஆபரேஷன் முடிந்து மாவுக்கட்டு.
சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்ன
பன்னிரண்டாம் அறை வங்காளத்து அம்மாள்
ஏன் சத்தமே இல்லை என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒருநாள் என் ஆட்காட்டி விரலைப் பிடித்துத்
தந்தியில் அழுத்தி, வில்லை இழுத்தார்.
காட்பாடி ஷண்டிங் எஞ்சின் தோற்றது.
இருவரும் அதோடு விட்டோம்.

பிறகு லாட்ஜ் ரசீதுகளின் முதுகில் எழுதத் தொடங்கினார்,
விரலே படாத ஓர் உருப்படி.
தந்தியைத் தன்போக்கில் விட்டு, வில் மட்டும்.
மொத்தம் நாலே ஸ்வரம்.
மொட்டை மாடியில், கட்டுப்போட்ட கையில் வயலினைச் சாய்த்து
வாசித்தார்.
கீழே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்கள்
லாரி ஹாரன்தானோ என்று இரண்டு முறை ஓடினார்கள்.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
ராஜா இல்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்
என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
கோயிலுக்குச் சாமி வந்து ஆறு வருஷமாகிறது.
பட்டியலில் அந்த இடம் காலி.
விரலில்லா வயலின் என்று
நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

நாற்பத்து மூன்று நாள் வாடகை. பாக்கி இல்லை.
ஒரு விரல் நிமிர்ந்தது, மற்றது பாதி.
ரசீதுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்;
முதலாளியிடம் திட்டு வாங்கியது நான்.
மேசையில் மறந்தது பழுப்பாய் ஒரு கட்டி,
வில்லில் தேய்க்கிற பிசின்.
குங்கிலியம் என்று நினைத்துக் கன்னியம்மா
வெள்ளிக்கிழமை தணலில் போட்டாள்.
கொசு போகவில்லை.
அடுத்து வந்த சித்தூர்க்காரர்
பெட்டியை வைக்காமலே மூக்கை உறிஞ்சி,
பக்கத்தில் என்ன மரம் நிற்கிறது என்றார்.