எட்டரை மணிச் செய்தி

பிஷ்கேக். செய்திக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
மலைமேல் பனியேரி உடைந்து
பாலம் ஒன்று போய்விட்டது.
கைபேசியில் ‘நிபுணர்’ என்று தேடினால்
முப்பத்தெட்டுப் பேர் வருவார்கள்,
முப்பத்தாறு பேருக்கு மீசை உண்டு, அல்லது இருந்தது.

முதலில் புருலைத்தான் கூப்பிட்டேன், சத்தியமாக.
பதினோரு கோடை அந்த ஏரிக்கரையில்
கூடாரம் போட்டு அளந்தவள்.
“ஓர் எண்ணைச் சரிபார்க்கணும்,
கால் மணி நேரம் கொடுங்கள்” என்றாள்.
கால் மணி நேரத்தில் செய்தி ஆறிவிடும்.

பேராசிரியர் தொலோகன் முதல் மணியிலேயே எடுத்தார்.
வெள்ளம், நில அதிர்வு, கோதுமை விலை,
எதற்கும் முதல் மணியிலேயே எடுப்பவர்.
டாக்சியில் வந்து இறங்கி
ஸ்டூடியோ வாசலில் யாருக்கோ போன் போட்டு
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
“புருல், ஆழம் எத்தனை? சும்மா, உத்தேசமாக.”

உள்ளே போய் நாட்டுக்கே சொன்னார்:
இருபத்து மூன்று மீட்டர்.
உத்தேசம் வாசலிலேயே நின்றுவிட்டது.

எங்கள் கிர்கிஸ் மொழியில்
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், ‘அல்’.
“ஏரியைப் பல்லாண்டு அளந்த நிபுணர், அல் கூறுவது”
என்று முன்னுரை எழுதிக் கொடுத்தது நான்.
இலக்கணப்படி பொய்யில்லை.
நானும் பெண்தான், கேட்காதீர்கள்.

எட்டு நாற்பத்தேழுக்கு அவள் அழைத்தாள்.
“சரிபார்த்துவிட்டேன். இருபத்தாறு.
கீழ்ப்பாலத்தையும் மூடச் சொல்லுங்கள்.”
பின்னால் குழந்தை எதற்கோ அழுதது.

பத்து மணிக்குத் திருத்தம் போகணும்.
யார் குரலில் என்கிறார் ஆசிரியர்.
புருலின் எண்ணை அழுத்துகிறேன்.
அடிக்கிறது.
மூன்றாவது மணி, நான்காவது மணி.
குழந்தையைத் தூக்கியிருப்பாள்.

தொலோகன் என்றால்
இந்நேரம் எடுத்திருப்பார்.