ஐம்பத்தெட்டு

காட்பாடி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில்
ஞாயிற்றுக்கிழமை நாணயக் கண்காட்சி.
நேற்றைய முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகள்
மேடையிலிருந்து இன்னும் இறங்கவில்லை:
மோகனவேல் வெட்ஸ் தீபலட்சுமி.
அந்தப் பெயர்களுக்குக் கீழே
பந்தி மேசைகளில்
ஆற்காட்டு ரூபாய், ஓட்டைக் காலணா,
கிலோ கணக்கில் கொட்டிய வெளிநாட்டுச் சில்லறை.

நான் வந்தது ஒன்றுக்குத்தான்.
ஒரு அமெரிக்க வெள்ளி டாலர்;
தரம் பார்த்து, எண் போட்டு,
பிளாஸ்டிக் கூட்டில் அடைத்தது.
அடைக்காத ஒன்றை ஆரணியில் வாங்கி
வீட்டுக்கு வந்து காந்தத்தைக் காட்டினேன்.
ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

இன்று கையில் ஏழாயிரம்.

"ராணிப்பேட்டைல இன்னா வேல?" என்றார் தனகோட்டி,
கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து.
"தோல் கம்பெனி. செலக்சன்."
"அப்டின்னா?"

அப்படியென்றால்
ஆட்டுத்தோலை மேசைமேல் விரித்து
சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து
உண்ணி கடித்த புள்ளி, வேலிமுள் கீறல்,
உரிக்கையில் கத்தி ஆழ இறங்கிய இடம்
எல்லாம் விரலால் தேடி
ஒன்று, இரண்டு, மூன்று, கழிவு என்று
மூலையில் பென்சிலால் எழுதுவது.
பதினேழு வருசம்.
தொடாமல் எதற்கும் எண் போட்டதில்லை.

"இதயும் ஒர்த்தர் அப்டித்தான் பாத்து எழுதிக்கீறார்,
கடலுக்கு அந்தாண்ட.
நீ தொட முடியாது, அவ்ளோதான்."

மூன்று கூடுகளை எடுத்து வைத்தார்.
மூன்றும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று.
அதே பெண், அதே பருத்த தாடை.
அறுபத்தைந்து: பதினெட்டாயிரம்.
பார்த்ததோடு சரி.
அறுபத்திரண்டு: ஒன்பதாயிரம்.
ஐம்பத்தெட்டு: ஆறாயிரத்து எண்ணூறு.

அறுபதும் அதற்கு மேலும் என்றால்
ஒருநாளும் செலவாகாதது.
சாக்கிலேயே கிடந்து
ஒன்றையொன்று இடித்துக்கொண்டதில்
அறுபத்திரண்டின் கன்னமெல்லாம் கீறல்.
அறுபதுக்குக் கீழே என்றால்
கைபட்டது.

பூதக்கண்ணாடி வாங்கி
பழக்கதோசத்தில் சன்னல் பக்கம் சாய்த்தேன்.
ஐம்பத்தெட்டின் கன்னம் சுத்தம்.
காதுக்கு மேல் முடியில் மட்டும்
ஒரு சின்ன மழுக்கல்.
யாரோ கட்டைவிரலை வைத்திருக்கிறார்கள்.
ஒரு மாசம், போனால் இரண்டு மாசம்,
யாரோ ஒருவர் சட்டைப்பையில் இருந்து
ஒரு மூட்டை மாவுக்கோ
ஒரு ஜோடி செருப்புக்கோ போயிருக்கிறது.

"கடைக்குப் போனதுக்கு மார்க் கம்மி,
சாக்குல சண்ட போட்டதுக்கு ஜாஸ்தியா?"
"அதனாலதான்பா உன் துட்டுக்கு வருது.
சும்மா இரு."

ஆறாயிரத்து எண்ணூறு
ஆறாயிரத்து முந்நூறாக
இரண்டு டீயும் முக்கால் மணி நேரமும் ஆனது.
கூட்டின் எண்ணைப் போனில் தட்டினேன்.
படம் வந்தது.
அதே மழுக்கல், அதே இடத்தில்.

வீட்டில் மேபல்ராணி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
காதோரம் வைத்து ஆட்டினாள். சத்தமில்லை.
"ஒடச்சாதான் எடுக்க முடியுமா?"
"ஒடச்சா வெல பூடும்."
"நல்லாக்கீது போ.
தோலத் தொட்டுத் தொட்டு வெரல் வெடிச்சுக்கீது.
காசத் தொடக் குடுத்து வெக்கல."
பீரோவில் வைத்தாள்,
ரேசன் கார்டுக்கும் ஞானஸ்நானச் சீட்டுக்கும் நடுவில்.

திங்கட்கிழமை
கழுத்தோரம் முள் இழுத்த தோல் ஒன்று வந்தது.
நீளமான கோடு, ஆறிப்போனது.
எந்த வேலியையோ தாண்டி
அந்தப் பக்கம் எதையோ மேய்ந்திருக்கிறது.
கொஞ்சம் நின்றேன்.
மூன்று என்றுதான் எழுதினேன்.
சம்பளம் அதற்குத்தான்.

அடுத்த தோல். அதற்கடுத்தது.
மத்தியானம் குழாயில் கை கழுவும்போது பார்க்கிறேன்,
எல்லா விரலிலும் தோல்தூசி.
கட்டைவிரலில் மட்டும் இல்லை.
காலையிலிருந்து அதை
மடக்கி வைத்தே வேலை பார்த்திருக்கிறேன்.