இரண்டரை கிராம்

கப்பி மீனின் பின்புறம்
இரண்டு சிவப்பு நூல்கள் தொங்கின.
மலம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
விளக்கோடு நான் குனிந்ததும்
சட்டென்று உள்ளே போய்விட்டன.

மலத்துக்குக் கூச்சம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
பாலித்தீன் பையில் வாங்கிய ஆறு மீன்கள்.
கோட்டுக்குள், மார்போடு அணைத்து,
உறைபனியில் இரண்டு டிராம் மாறிக் கொண்டுவந்தேன்.
சூடு குறையாமல் நான் காத்தது
மீன்களை மட்டுமில்லை.

கால்நடை மருத்துவர்
'நாய் என்றால் சொல்லுங்கள்' என்றார்.
மீன்கடைப் பையன் ஒரு நீலக் குப்பியைக் காட்டினான்,
எல்லா நோய்க்கும் அது ஒன்றே.
அப்படிப்பட்ட குப்பிகள்
என் முன்னாள் கணவனிடம் நிறைய இருந்தன.

லெவாமிசோல் வேண்டும்,
புறாவுக்குக் கொடுப்பது.
புறா வளர்ப்பவர்
கதோவித்சேயில் தெருவுக்கு ஒருவர்.
எங்கள் தெருவில் அலோய்ஸ்,
மூன்றாம் மாடி,
நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு காதை விட்டுவந்தவர்.
காயப்போட்ட என் வெள்ளைப் போர்வைமேல்
அவருடைய பறவைகள் தங்கள் கருத்தைச் சொன்னபிறகு
நான்கு வருடமாய்
முகம் கொடுத்துப் பேசியதில்லை, அவரும் நானும்.

படியேறினேன்.
'வயிற்றில் பூச்சி' என்றேன்.
நல்ல காதைத் திருப்பினார்.
'வயிற்றில் பூச்சி!'
படிக்கட்டு முழுவதும் கேட்டது.
கீழ்வீட்டு ப்ரோனிஸ்வாவா கதவைத் திறந்து
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
'எனக்கில்லை, மீனுக்கு.'
அதற்குள் கதவு மூடிவிட்டது.

அலோய்ஸ் கேட்டது ஒன்றுதான்.
'எத்தனை லிட்டர்?'
நூற்றுப் பன்னிரண்டு.
'மணலைக் கழி. கல்லைக் கழி.'
கழித்தோம். நூறு.
லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம்,
பொடியில் எட்டு சதவீதம்தான் மருந்து,
வகுத்தால் இரண்டரை கிராம்.
டன் டன்னாய் வெட்டிய கை
சின்னத் தராசின்மேல்
மூச்சை அடக்கிக்கொண்டது.
காசு வாங்கவில்லை.
போர்வை பற்றி அவரும் பேசவில்லை,
நானும் பேசவில்லை. அது வேறு கணக்கு.

வெளிச்சம் பட்டால் மருந்து வீண்.
விளக்கணைத்துத் தொட்டிமேல் கோட்டைப் போர்த்தினேன்,
அதே கோட்டை.
காலை ஷிப்டுக்கு
மழைச்சட்டையோடு டிராம் ஓட்டப் போனேன்.
மைனஸ் ஒன்பது.

இந்த மருந்து நேராகக் கொல்வதில்லை.
புழுவின் தசை மரத்துப்போகும்,
குடற்சுவரைக் கவ்விய வாய்
பிடியை விடும்,
அவ்வளவுதான்.
மிச்சத்தைக் குடல் தள்ளவேண்டும்.
அதற்கும் மிச்சத்தை
நான் குழாய்வைத்து எடுக்கவேண்டும்,
மயக்கம் தெளிந்து அவை
தலைதூக்குவதற்குள்.

ராத்திரி கோட்டை விலக்கினேன்.
மணலெங்கும் சிவப்புப் பிசிறு,
யாரோ ஸ்வெட்டர் பின்னிவிட்டு
நுனிகளை அறுத்துப்போட்டதுபோல்.
வாயால் உறிஞ்சிக் குழாயை ஓடவிட்டபோது
ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது.
துப்பினேன். துப்பிக்கொண்டே சிரித்தேன்.
ப்ரோனிஸ்வாவாவிடம் இனி
மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்று பிழைக்கவில்லை.
முதுகு கூனிய பெண்மீன்,
புழுவெல்லாம் போனபிறகு
வடிகட்டியோரம் சாய்ந்து கிடந்தது.
மருந்து தாமதமா, அதிகமா,
குடியிருந்தவை போன வெறுமையா,
தெரியவில்லை.
அலோய்ஸின் கை நடுங்கவில்லை,
அது தெரியும்.

மற்ற ஐந்தும்
இன்று மதியம் சண்டையிட்டுத் தின்றன.

மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை,
மிச்சமிருக்கும் குஞ்சுப்புழுவுக்கு.
இரண்டாம் பொட்டலம் ஃபிரிட்ஜ்மேல் இருக்கிறது.
முன்பக்கம் எடை, பென்சிலில்.
பின்பக்கம்,
அழுத்தி எழுதிய ஒரே வரி:

செவ்வாயும் சனியும் பறக்கவிடுவேன்.