ஒன்று விழுந்தால்

மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில்
என்னை எழுதினேன்.
பெயர்: திலோஷ்னி. இனம்: மனுஷி. தொழில்: கணக்கெழுத்து.
வலிமை ஏழு.
சுறுசுறுப்பு ஐந்து, மாடிப்படி சாட்சி.
அறிவு பதினாறு, இதில் கொஞ்சம் பொய்.
துணிவுக்கு எதிரே பேனாவை வைத்தேன்,
ஒரு புள்ளி விழுந்தது,
அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளி இரவுகளில், ஓவர்போர்ட்டில்,
பிரெனேஷன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்
நான் கோடரி ஏந்திய குள்ளப் போர்க்காரி.
பெயர் உலக்கை.
மூன்று டிராகன்களைக் கொன்றிருக்கிறேன்.
ஆட்டம் முடிந்ததும்
யாராவது என்னை சாட்ஸ்வொர்த்தில் இறக்கிவிடவேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன், மழையில்,
துறைமுகத்து லாரி ஒன்று
என் கதவுக்குள் பாதி வந்தது.
காறை எலும்பு மட்டும்தான்.
யாரும் சாகாத விபத்தின் பயத்தை
யாரும் மதிப்பதில்லை.
"இன்னுமா?" என்பார்கள்.
இன்னும்தான்.

அதனால் விதிகள் வகுத்தேன்.
காரில் ஏறி உட்கார்ந்தால் ஐந்து.
சாவி போட்டுத் திருகினால் பத்து.
கேட் வரை பின்னால் எடுத்து
திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினால்
இருபது, கூடவே ஒரு மிளகாய் பஜ்ஜி.
தூறல் இருந்தால் இரட்டிப்பு.
மின்வெட்டில், தெருவிளக்கில்லாமல்,
ரொட்டி வாங்கப் போய்வந்தது
கிளைக்கதை. அதற்குத் தனிக் கணக்கு.
பக்கத்துவீட்டு யுகேந்திரன் வேலிக்கு மேல் கேட்டான்,
"கார் கெட்டுப்போச்சா அக்கா?"
"கார் இல்லை" என்றேன்.

ஒருநாள் போகாமலே இருபது போட்டுக்கொண்டேன்.
மறுநாள் அடித்தேன்.
அபராதம் போட மனசு வரவில்லை.

ஏழாம் மட்டம், ஹிக்கின்சன் சாலை.
பதினோராம் மட்டத்துக்கு எதிரே
சிவப்பில் எழுதியிருந்தேன்: ஸ்பகெட்டி சந்திப்பு.
சாலைக்குமேல் சாலை, அதன் தலையில் இன்னொன்று,
யாரோ கோபத்தில் கொட்டிய சேமியா.
டிராகனுக்காவது ஒரே வாய்.

நேற்று வெள்ளி.
"கூப்பிட வரவேண்டாம், நானே வருகிறேன்"
என்று செய்தி அனுப்பிவிட்டு
பக்கத்து இருக்கையில் கட்டையை உருட்டினேன்.
இருபது முகத்தில்
ஒன்று.

எங்கள் மேசையில் ஒன்று விழுந்தால்
கோடரி நழுவி உன் காலிலேயே விழும்.
பிரெனேஷன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.
சாவியை உருவிவிட்டேன்.
கதவைக்கூடத் திறந்துவிட்டேன்.

எங்கிருந்தோ புளியங்கொட்டைச் சத்தம்.
சிவராத்திரி, கோயில் மண்டபம்,
தூங்காமலிருக்கத் தரையில் சாக்பீஸ் கட்டம்.
ஆறும் பன்னிரண்டுமாய்ப் போட்டுத் தள்ளியும்
என் காய் வெளியிலேயே கிடந்தது.
எத்தனை பெரிய எண்ணும் செல்லாது.
ஒன்று விழவேண்டும்.
ஒன்றுக்குப் பெயர் தாயம்.
தாயம் விழாமல்
யாரும் கட்டத்துக்குள் இறங்கமுடியாது.

கதவைச் சாத்தினேன்.

சந்திப்பை ஜெயித்தேன் என்று எழுத ஆசைதான்.
தவறான வளைவில் ஏறி
கடலுக்கு முதுகு காட்டி
பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்,
இடது ஓரமாய், அறுபதில், அழுதுகொண்டு,
லாரிகள் தாண்டித் தாண்டிப் போக.
மரியன்ஹில் சுங்கச்சாவடியில்
கண்ணாடியை இறக்கினேன்.
கூண்டுக்குள்ளிருந்த பெண் முகத்தைப் பார்த்தாள்,
சில்லறையை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை அவளே மடக்கி
"ஹம்பா கஹ்லே" என்றாள்.
நல்லபடி போ.

ஒன்றரை மணி தாமதம். பிரியாணி ஆறியிருந்தது.
உலக்கை இல்லாமல்
ஒரு மரக்கதவின் முன்னால்
அத்தனைபேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

வழிதவறினால் எத்தனை புள்ளி
என்று என் விதிகளில் இல்லை.
சுங்கச் சீட்டை மடித்து
கைவசப் பொருட்கள் என்ற இடத்தில் ஒட்டினேன்:
குடை, வலிமாத்திரை, சாவி, இது.
துணிவுக்கு எதிரே இன்னும் அந்தப் புள்ளிதான்.
கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது.
மை ஊறியிருக்கலாம்.